ஆடாதவர்களின் கணக்கு

2025 ஜனவரி 10 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் காட்டன் பவுல் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய அரையிறுதி அது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 21-14 என்று முன்னால் நிற்கிறது. டெக்சஸ் அணி கோட்டுக்கு எட்டு யார்டு தொலைவில், கடைசி வாய்ப்போடு காத்திருக்கிறது. அதன் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் பந்தை எறிவதற்காகப் பின்வாங்குகிறார். ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் பாய்ந்து வந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே அள்ளிக்கொண்டு 83 யார்டு ஓடி டச்டவுன் போடுகிறார். ஆட்டம் அத்தோடு முடிந்தது.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது ஓர் அபாரமான ஓட்டம். ஒஹாயோ ஸ்டேட்டின் வீரர் பட்டியலை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து வருபவர்களுக்கோ நான்கு வருடக் கதை ஒன்றின் கடைசிப் பக்கம். 2021 ஆகஸ்டில், பள்ளியின் கடைசி ஆண்டையே விட்டுவிட்டுக் கொலம்பஸ் நகருக்கு வந்து ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்தவர் இதே யூவர்ஸ். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் களத்தில் நின்றது இரண்டே இரண்டு முறை. இரண்டு முறையும் பந்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்ததோடு சரி. டிசம்பரில் டெக்சஸுக்குப் போய்விட்டார். அந்தச் சில மாதங்கள் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஜாக் சாயர்.

இப்படி ஒரு தகவலை மனதில் வைத்திருப்பதால் யாருக்கும் காலணா லாபமில்லை. ஆனால் அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்தைப் பின்தொடர்பவர்களில் ஒரு சாராருக்கு இதுதான் பொழுதுபோக்கு. அவர்களுக்கு ஆட்டத்தைவிடப் பட்டியல் பெரிது. எந்த வீரர் எந்த ஆண்டு வந்தார், எத்தனை ஆட்டம் ஆடினார், அவருக்கு முன்னால் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள், இன்னும் எத்தனை பருவம் ஆடலாம் என்றெல்லாம் கணினியில் அட்டவணை போட்டு வைத்துக்கொள்வார்கள். சிலர் இன்னும் நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. அங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் ஆட்டம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். களத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். தாக்குவதற்கு ஒரு பதினொன்று, தடுப்பதற்கு இன்னொன்று, உதைப்பதற்கென்று சிலர். பட்டியலிலோ நூற்றுக்கும் மேல் பெயர்கள் இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலையில் அவர்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். இந்தப் பொழுதுபோக்கு அடிப்படையில் அந்த ஆடாதவர்களைப் பற்றியது என்பதே என் கணிப்பு. ஆடுபவர்களைப் பற்றி எழுத நாளிதழ்கள் இருக்கின்றன.

பல்கலைக்கழகம் வெளியிடும் பட்டியல் பார்வைக்கு மிகச் சாதுவான ஆவணம். எண், பெயர், ஆடும் இடம், உயரம், எடை, எத்தனையாவது ஆண்டு, சொந்த ஊர், படித்த பள்ளி. பழகிய கண் முதலில் எடையைப் பார்க்கும். வசந்தகாலப் பயிற்சியின்போது 225 பவுண்டு என்றிருந்த ஒரு லைன்பேக்கர் ஆகஸ்டில் 245 ஆகியிருந்தால், அவரை முன்வரிசைக்கு நகர்த்தப்போகிறார்கள் என்று பொருள்; பயிற்சியாளர் வாய் திறப்பதற்கு முன்பே பட்டியல் சொல்லிவிடும். உயரத்தை அவ்வளவாக நம்பக் கூடாது. கல்லூரிப் பட்டியலில் ஓரங்குலம் கூட்டிப் போடுவது ஊரறிந்த வழக்கம். தொழில்முறை அணிகள் வீரர்களை அளவெடுக்கும் நாளில்தான் பல ஆறடிக்காரர்கள் ஐந்தடிப் பதினோரு அங்குலமாவார்கள்.

எண்களிலும் சங்கதி உண்டு. 0 முதல் 99 வரைதான் எண். ஆட்களோ அதைவிட அதிகம். அதனால் ஒரே எண்ணை இருவர் அணியலாம், இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்காதவரை. புதிதாக வந்த பையனுக்கு ஒற்றை இலக்க எண் கிடைத்தால் அவன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று ரசிகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சில எண்களுக்குத் தனி வரலாறே இருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 12-ஆம் எண்ணை, உதவித்தொகை இல்லாமல் தானே வந்து சேர்ந்த வீரர் ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். 1922-இல் டல்லாஸில் நடந்த ஆட்டத்தில் அந்த அணியினர் ஒருவர்பின் ஒருவராக அடிபட்டுக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து சீருடை மாட்டிக்கொண்டு தயாராக நின்றவர் ஈ. கிங் கில் என்ற மாணவர். கடைசிவரை அவரை அழைக்க வேண்டிய தேவை வரவில்லை. ஆடாமலே புகழ்பெற்றவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒஹாயோ ஸ்டேட்டில் இன்னொரு வழக்கம். 2012-இல் பயிற்சியாளராக வந்த அர்பன் மேயர் தொடங்கிவைத்தது. புதிதாகச் சேர்பவரின் தலைக்கவசத்தில் இருக்கும் சிவப்புக் கோட்டின்மேல் கறுப்பு நாடா ஒட்டிவிடுவார்கள். பயிற்சியில் தன்னை நிரூபித்த பிறகு, சகவீரர்கள் சூழ நிற்க, அந்த நாடா உரிக்கப்படும். எந்தப் பையனுக்கு எந்த நாளில் உரித்தார்கள் என்பதற்கும் அட்டவணையில் ஒரு கட்டம் உண்டு. முதல் வாரத்திலேயே உரிக்கப்பட்டவர் அந்த ஆண்டே ஆடக்கூடும். அக்டோபர் வரை நாடாவோடு திரிபவரைப் பற்றி அடுத்த ஆண்டு பேசிக்கொள்ளலாம்.

இதெல்லாம் மேல்பூச்சு. இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு கணக்காகவே உருவம் கொடுத்தது 85 என்ற எண். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் ஓர் அணி வழங்கக்கூடிய முழு உதவித்தொகைகளை 105 ஆகக் கட்டுப்படுத்தியது. 1978-இல் அது 95 ஆயிற்று. 1992-இல் தொடங்கிப் படிப்படியாக 85-க்கு வந்து நின்றது. அதன்பின் முப்பது ஆண்டுகள் அசையவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டியலில் யார் உதவித்தொகைக்காரர், யார் கைக்காசில் படிக்கும் ‘வாக்-ஆன்’ என்று பல்கலைக்கழகங்கள் குறிப்பிடுவதில்லை. ரசிகர்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திட்ட நாளில் வந்த செய்தி, உள்ளூர் நிருபரின் ஒற்றை வரி, ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமில் ஒரு வாக்-ஆனுக்கு உதவித்தொகை அறிவிக்கப்பட்டு மொத்த அணியும் அவரைத் தூக்கிக்கொண்டு குதிக்கும் காணொளி, இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 85-ஐ எட்ட முடிந்தது. கூட்டி வந்தது 87 என்றால் யாரோ இருவர் வெளியேற வேண்டியிருந்தது. எந்த இருவர்? அந்தக் கேள்வியோடு ஒரு கோடைகாலமே ஓடிவிட்டது.

கணக்கு வைத்தவர்களால்தான் அந்தக் கணக்கில் நடந்த அநியாயமும் வெளிச்சத்துக்கு வந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் அணிகள் சில, இடம் இருப்பதைவிட அதிகமான பையன்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு நெருக்கடி வரும்போது பழைய வீரர்களைக் கழற்றிவிட்டு வந்தன. மிசிசிப்பி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் 2009-இல் ஒரே ஆண்டில் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். காயம் என்ற பெயரில் ‘மருத்துவ உதவித்தொகை’க்கு மாற்றப்பட்டு ஓரங்கட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை சில அணிகளில் இயல்புக்கு மீறி இருப்பதை, பட்டியலை வரிவரியாக வைத்திருந்தவர்களால்தான் சுட்டிக்காட்ட முடிந்தது. தென்கிழக்கு அணிகளின் கூட்டமைப்பே முதலில் 28, பிறகு 25 என்று ஆண்டு வரம்பு வைக்கும்படி ஆயிற்று. வேலையற்ற வேலை என்று வீட்டார் திட்டியிருக்கக்கூடிய ஒன்றுக்கு இது சின்னப் பெருமையில்லை.

85-க்கு அடுத்த கணக்கு காலக் கணக்கு. ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவம் ஆட அனுமதி. ஆடாமல் ஒதுக்கிவைக்கும் ஓர் ஆண்டுக்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். 2018-இல் விதி தளர்ந்தது: நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் வராது. உடனே அட்டவணைகளில் ஒரு புதுக் கட்டம் முளைத்தது. நவம்பர் வந்துவிட்டால், மூன்று ஆட்டம் ஆடிய முதலாண்டுப் பையனை நான்காவதில் இறக்குவார்களா, ஐந்தாவதில் இறக்கி ஆண்டையே செலவழிப்பார்களா என்பதுதான் பேச்சு. விதியைப் பயிற்சியாளர்கள் மட்டுமா பயன்படுத்துவார்கள்? கிளெம்சனின் கெல்லி பிரையன்ட் 2018 செப்டம்பரிலேயே, நான்கு ஆட்டம் முடிந்ததும் தன் இடம் போனதைப் பார்த்து அணியை விட்டு விலகி ஓராண்டை மிச்சப்படுத்திக்கொண்டார். 2024-இல் லாஸ் வேகாஸ் நெவாடா பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஸ்லூகா, அணி மூன்றுக்கு மூன்று வென்றிருந்த நிலையில், தனக்கு அளித்த வாக்குறுதிகள் காப்பாற்றப்படவில்லை என்று அறிவித்துவிட்டு நடையைக் கட்டினார்.

கொரோனா இந்தக் காலக் கணக்கைக் குழப்பியடித்தது. 2020 பருவம் யாருக்கும் கணக்கில் சேராது என்று அறிவித்தார்கள். காயத்துக்கான சலுகைகளும் அதோடு சேர்ந்துகொள்ள, ஓரிகனில் 2016-இல் சேர்ந்த கேம் மக்கார்மிக் 2024-இல் மயாமி அணிக்காகத் தன் ஒன்பதாவது கல்லூரி ஆண்டில் ஆடிக்கொண்டிருந்தார். மருத்துவப் படிப்பையே முடித்துவிடக்கூடிய காலம் அது.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? ஒரே ஊற்று என்று சொல்ல முடியாது. ஆனால் 1970களில் டெட்ராய்ட் பக்கத்தில் ஃபோர்டு கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஜோ டெரனோவா, நாடெங்கும் பள்ளிகளில் ஆடும் பையன்களைத் தரவரிசைப்படுத்திப் பொழுதுபோக்காக வெளியிட்டுவந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. சிகாகோவில் அஞ்சல் துறை ஊழியராக இருந்த டாம் லெமிங் அதே பத்தாண்டின் இறுதியில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வீரர்களை நேரில் பார்த்து எழுதத் தொடங்கினார். இவரும் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு இதில் இறங்கியவர்தான். ஒஹாயோவின் கிளீவ்லண்டிலிருந்து ஃபில் ஸ்டீல் 1995 முதல் கொண்டுவரும் ஆண்டு மலர் இன்னொரு ரகம்: பொடி எழுத்தில், சுருக்கக் குறியீடுகளில், ஒவ்வோர் அணியின் இரண்டாம் மூன்றாம் வரிசை ஆட்களையும் அடைத்துத் தருவது. முதன்முறை பார்ப்பவருக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தைத் திறந்ததுபோல இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வரியில் மொத்த ஜாதகமும் கிடைக்கும்.

1990களின் இறுதியில் இது வணிகமாயிற்று. ரைவல்ஸ், பிறகு 247 ஸ்போர்ட்ஸ், பிறகு ஆன்3 என்று நிறுவனங்கள் வந்து பள்ளிப் பையன்களுக்கு நட்சத்திரங்கள் வழங்கின. இந்த நட்சத்திரங்களை ஏளனம் செய்வது எளிது. ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அவை பொய்யல்ல. பட் எலியட் என்ற எழுத்தாளர் ஒரு விகிதத்தைப் பிரபலமாக்கினார்: நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தால்தான் தேசியக் கோப்பைக்கு ஆசைப்படலாம். பல ஆண்டுகள் அந்த விதி உடையவில்லை. தனித்தனி ஆளாக எடுத்தால்தான் சறுக்கும். ஜார்ஜியாவின் ஸ்டெட்சன் பென்னெட் 2017-இல் உதவித்தொகை இல்லாமல் வந்தவர். ஓராண்டு மிசிசிப்பியின் சிறிய கல்லூரி ஒன்றுக்குப் போய்த் திரும்பி, 2021, 2022 இரண்டு பருவங்களிலும் அணிக்குத் தேசியக் கோப்பையை வென்றுகொடுத்த குவார்ட்டர்பேக். ஜே.ஜே. வாட் சென்ட்ரல் மிச்சிகனில் பந்து பிடிக்கும் இடத்தில் ஆடிவிட்டு, விஸ்கான்சினுக்கு வாக்-ஆனாக வந்து தடுப்பு வரிசையில் நின்று பெரும்புகழ் பெற்றவர். ஆண்டு முழுக்கப் பட்டியல் பார்ப்பவரின் ஆசை, இப்படி ஒருவரை ஊர் கண்டுகொள்வதற்கு இரண்டு வருடம் முன்பே அடிக்கோடிட்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான்.

இதே ஆசாமிகளின் உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வீடியோ கேமைச் சொல்ல வேண்டும். இ.ஏ. ஸ்போர்ட்ஸ் ஆண்டுதோறும் வெளியிட்ட கல்லூரிக் கால்பந்து விளையாட்டில் வீரர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மாணவ வீரர்களின் பெயரை விற்கக் கூடாது என்ற விதியைச் சுற்றிப்போக அந்த ஏற்பாடு. உயரம், நிறம், ஆடும் கை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். எனவே ஒவ்வொரு கோடையிலும் தன்னார்வலர்கள் கூடி, நூற்றுக்கும் மேற்பட்ட அணிகளின் ஆயிரக்கணக்கான பெயர்களைத் தாங்களே தட்டச்சு செய்து, திருத்தி, மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். கூடைப்பந்து கேமில் தன்னைப் போலவே இடக்கையால் ஆடும் 31-ஆம் எண்காரரைக் கண்ட முன்னாள் யு.சி.எல்.ஏ. வீரர் எட் ஓ'பானன் தொடுத்த வழக்கின் அழுத்தத்தில், 2013-க்குப் பிறகு கல்லூரிக் கால்பந்து கேமும் நின்றுபோனது. 2024-இல் திரும்பி வந்தபோது வீரர்கள் சொந்தப் பெயரோடு இருந்தார்கள். ஒப்புக்கொண்ட ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் கொடுக்கப்பட்டது.

அதற்குள் உலகமே மாறிவிட்டிருந்தது. 2018 அக்டோபரில் அணி மாற விரும்புவோர் பெயர் பதிந்துகொள்ளும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. 2021-இல் ஒருமுறை மட்டும் காத்திருப்பு ஆண்டு இல்லாமல் மாறலாம் என்றார்கள். 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று திறந்துவிட்டார்கள். 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி. மூன்றும் சேர்ந்ததும் நான்காண்டு அட்டவணை என்ற கருத்தே ஆட்டம்கண்டது. 2022-இல் ஒரே ஓர் ஆட்டம் வென்ற கொலராடோவுக்குப் பயிற்சியாளராக வந்த டியான் சாண்டர்ஸ், முதல் கூட்டத்திலேயே இருப்பவர்களைப் போர்ட்டலுக்குப் போகச் சொன்னார். அடுத்த பருவத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை வேறு கல்லூரிகளிலிருந்து இறக்கினார். கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் ஆட்களில் ஒரு டஜனுக்கும் மேலானவர்களைக் கூட்டிக்கொண்டு இண்டியானாவுக்கு வர, 2023-இல் மூன்று ஆட்டம் வென்ற அணி 2024-இல் பதினொன்று வென்றது. பழைய முறையில் பட்டியல் வைத்திருந்தவருக்கு இந்த இரண்டு அணிகளிலும் ஒரே இரவில் நோட்டு முழுக்கச் செல்லாமல் போனது.

பழைய கேள்வி ‘இவன் எப்போது தேறுவான்?’ என்பது. இப்போதைய கேள்வி ‘இவன் இருப்பானா?’. முதலாவதற்கு விடை தேட எடை, ஆட்ட எண்ணிக்கை, வரிசை என்று கண்ணுக்குத் தெரிந்த தடயங்கள் இருந்தன. இரண்டாவதன் விடை பணத்தில் இருக்கிறது. அந்தப் பணம் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இல்லை. 2024-இல் தன் அணியின் செலவு சுமார் 2 கோடி டாலர் என்று ஒஹாயோ ஸ்டேட்டின் விளையாட்டு இயக்குநர் ராஸ் பியார்க் வெளிப்படையாகவே சொன்னார். யாருக்கு எவ்வளவு என்பது வெளியில் யாருக்கும் தெரியாது.

இதனால் பொழுதுபோக்கே செத்துவிட்டது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே 2024 ஒஹாயோ ஸ்டேட்டை எடுத்துக்கொள்வோம். குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் கன்சாஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர், கேலிப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து, குவின்ஷான் ஜட்கின்ஸ் மிசிசிப்பியிலிருந்து. விலைக்கு வாங்கிய அணி என்று எதிரணிக்காரர்கள் கேலி பேசினார்கள். ஆனால் அக்டோபர் 12 அன்று ஓரிகனில் முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸின் முழங்கால் போனது. அவர் இடத்துக்கு வந்த ஸென் மிஹால்ஸ்கி இரண்டு வாரத்தில் அடிபட்டார். உடனே லெஃப்ட் கார்டு டானவன் ஜாக்சனை வெளிப்பக்கம் நகர்த்தினார்கள். காலியான இடத்தில் கார்சன் ஹின்ஸ்மன் வந்தார். நவம்பரில், வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மக்லாக்லினின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஹின்ஸ்மன் நடுவே போனார். யார் இந்த ஹின்ஸ்மன்? 2023 வழக்கமான பருவத்தின் பன்னிரண்டு ஆட்டங்களிலும் சென்டராகத் தொடங்கி, கடைசி ஆட்டத்துக்கு முன் இடத்தை இழந்து, அலபாமாவிலிருந்து மக்லாக்லின் வந்ததால் மேலும் பின்னுக்குப் போனவர். போர்ட்டல் திறந்திருந்தும் போகாமல் இருந்துவிட்டவர். 2025 ஜனவரி 20 அன்று நோட்ரடாமை 34-23 என்று வென்று கோப்பையைத் தூக்கிய அணியின் சென்டர் அவர்தான். ‘சென்டர்: இரண்டாம் வரிசை, ஹின்ஸ்மன்’ என்று ஆகஸ்டில் குறித்துவைத்திருந்தவருக்கு, அந்த ஒரு வரி பருவத்தின் பாதிக் கதையைச் சொல்லியிருக்கும்.

பட்டியலின் அடிப்பகுதிக்குத்தான் இப்போது ஆபத்து. கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்த ‘ஹவுஸ்’ வழக்கின் உடன்பாட்டை நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஏற்றார். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை பகிரலாம். கூடவே, இந்த உடன்பாட்டுக்குள் வரும் கல்லூரிகளுக்கு 85 உதவித்தொகை என்ற வரம்பு போய், மொத்தப் பட்டியலே 105 பேர் என்றாயிற்று. 120, 130 பேரை வைத்திருந்த அணிகள் உடன்பாடு உறுதியாகும் முன்பே வாக்-ஆன்களை வெட்டத் தொடங்கிவிட்டன. அதைக் கண்ட வில்கன் ஏப்ரலில் ஒப்புதலை நிறுத்திவைத்து, வெட்டப்பட்டவர்களுக்கு வழிசெய்யாமல் கையெழுத்திட மாட்டேன் என்று சொன்னார். கடைசியில் அப்படிப்பட்டவர்கள் வரம்புக்குள் எண்ணப்பட மாட்டார்கள் என்று முடிவாயிற்று. ஆக 105 என்பதும் 105 அல்ல. யார் எண்ணிக்கைக்குள், யார் வெளியே என்று மறுபடியும் ரசிகர்கள்தான் துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த விலக்கு அப்போது இருந்தவர்களுக்கு மட்டுமே. அவர்கள் படித்து வெளியேறிய பின், தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் சீருடையைப் போட்டால் போதும் என்று வரும் பையனுக்கு இடம் கொஞ்சமே மிஞ்சும். நெப்ராஸ்காவில் டாம் ஆஸ்போர்ன் காலத்தில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அப்படித்தான் பட்டியலின் கீழ்வரிசைகளை நிரப்பினார்கள். அந்த மாநிலத்துக்கு அதில் இன்னும் பெருமை.

இந்தப் பழக்கத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு, நீட்டி முழக்கத் தேவையில்லை. பட்டியலில் இருப்பவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அணி மாறியதற்காகவும், பந்தயத்தில் பணம் போனதற்காகவும் அவர்களுக்கு வரும் வசைச் செய்திகள் வெட்கக்கேடானவை. 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான தேசியத் தடையை நீக்கிய பிறகு, யாருக்குக் காயம் என்ற உள்விவரத்துக்கு விலை வந்துவிட்டது. இதைச் சமாளிக்க 2023-இல் பிக் டென் கூட்டமைப்பும் 2024-இல் தென்கிழக்குக் கூட்டமைப்பும் ஆட்டத்துக்கு முன் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையைக் கட்டாயமாக்கின. முன்பு பயிற்சி மைதான வேலிக்கு வெளியே நின்று நொண்டுபவரைப் பார்த்து ஊகித்ததை இப்போது கூட்டமைப்பே அச்சடித்துத் தருகிறது. உண்மையான பட்டியல்காரர்களுக்கு இதில் சற்று ஏமாற்றம்தான்.

அவர்களுக்கு நல்ல செய்தி வேறு திசையிலிருந்து வந்தது. டிசம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்றிருந்த போர்ட்டல் காலங்களை என்.சி.ஏ.ஏ. ஒன்றாக்கி, 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை என்று வைத்தது. தேசிய இறுதியில் ஆடும் இரு அணிகளுக்கு மட்டும் அதற்குப் பின் ஐந்து நாள்; பயிற்சியாளர் மாறும் அணிகளுக்குத் தனி அவகாசம். ஏப்ரல் கதவு மூடப்பட்டதால், ஜனவரி இறுதியில் இருக்கும் பட்டியல் கோடை முழுவதும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். வசந்தகாலப் பயிற்சியில் மூன்றாம் வரிசையில் நிற்கும் பையன் செப்டம்பரிலும் அங்கேயே இருப்பான் என்று நம்பி அவன் எடையைக் குறித்துக்கொள்ளலாம். ஜனவரியின் முதல் இரண்டு வாரங்களில்தான் தூக்கம் கிடைக்காது.